ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு தடிப்பு: மருந்தா, வேர்க்குருவா?

பரந்தன்காரி:
இவருக்குத் தம்பியின் ஸ்டெம் செல் (இரத்தத்தை உருவாக்கும் மூல செல்) ஏற்றி ஒரு மாதம் கடந்துவிட்டது. நேற்றிலிருந்து காது, கழுத்து, உள்ளங்கை எல்லாம் சிவந்து எரிகிறது. போன கிழமைதான் கோட்ரைமொக்சசோல் என்ற கிருமி எதிர்ப்பு மாத்திரை தொடங்கினார்கள். மாமி வேர்க்குரு என்று வேப்பிலை அரைக்கிறா. எப்படிப் பிரித்தறிவது?

வவுனியா தாதி:
அக்கா, வேர்க்குரு உள்ளங்கையில் வராது. அந்த இடம்தான் எனக்குக் கவலை. கொடையாளியின் செல்கள் உடலைத் தாக்கும்போது பெரும்பாலும் உள்ளங்கை, உள்ளங்கால், காது, முகத்தில்தான் தொடங்கும். மருந்து ஒவ்வாமை அநேகமாக நெஞ்சு, முதுகில் தொடங்கிப் பரவும். புது மருந்து எடுத்து ஒன்று இரண்டு கிழமைக்குள் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரியும் இருக்கலாம். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தாலும் சில நேரம் முடிவு தெளிவாக வராது. அதனால்தான் அந்தச் செல்கள் தாக்கக்கூடிய குடலையும் ஈரலையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வயிற்றோட்டம் இருக்கா? கண் மஞ்சளா? மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வேப்பிலையும் பூச வேண்டாம்.

முல்லைத்தீவு அண்ணா:
எனக்கு ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வந்தது. அது அக்கி, பழைய கொப்புளிப்பான் கிருமி திரும்ப எழும்பியது. அதற்கு மருந்தே வேறு.

பரந்தன்காரி:
கொப்புளம் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் காலையிலிருந்து வயிற்றோட்டம்.

வவுனியா தாதி:
அப்படியென்றால் கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். மாற்றுச் சிகிச்சை செய்த பிரிவுக்கு இப்பவே போன் எடுங்கள். மருந்துப் பெயர்கள், தொடங்கிய திகதி, தடிப்பின் படம் எல்லாம் கையில் இருக்கட்டும். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ, தோல் உரிந்தாலோ, வாய் புண்ணானாலோ உடனே கிளிநொச்சி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.