புதுப்பிப்பு: எரிந்த கலச மஹாலை ஏன் இடிக்கவில்லை?

சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்ததையும், பிறகு பொதுப்பணித்துறை அதைச் சீரமைத்ததையும் முன்பு எழுதியிருந்தேன். "கூரையே போன கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாமே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

கூரை போனாலும் சுவர் நின்றது, அதுதான் காரணம். அவ்வளவு கனமான செங்கல் சுவரை இன்று யாரும் கட்டப்போவதில்லை. சீரமைக்கும்போது அந்தச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும். கடற்கரைக் காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஆனால் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி வழுக்கும்.

மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய முறைக் கூரை இன்னும் அழகு. தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லி, கடைசியாகத் தட்டையான ஓடு. வெயில் அவ்வளவு சீக்கிரம் கீழே இறங்காது.

அப்புறம், இவ்வளவு பழைய கட்டடம் அலுவலகத்துக்குச் சரிப்படுமா என்ற கேள்வி. 1768-இல் ஆற்காடு நவாபுக்காகக் கட்டிய அரண்மனை, 1855-க்குப் பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போய் அரசு அலுவலகமாகவே இருந்தது. இப்போது கலச மஹாலில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. என்னைக் கேட்டால், பூட்டிக் கிடப்பதைவிட தினமும் ஆள் புழங்குவதே நல்லது. ஒழுகல் தெரிந்த அன்றே யாராவது சொல்வார்கள்.

பக்கத்து ஹுமாயூன் மஹாலிலும் சுண்ணாம்பு வேலைதான் செய்தார்கள். அதைத் தனியாக எழுதுகிறேன்.