உடுக்கையடிப் பாட்டுக்காரர் 64 வயதில் தனிப்பாட்டு வெளியிட: சுருதி, பதிவு, உரிமை

சோமனூரான்:
பெரியப்பாவுக்கு 64 வயசுங்க. உடுக்கையடிப் பாட்டுக் குழுவுல பின்பாட்டு பாடுனவரு, இப்பத் தானே எழுதி மெட்டுப் போட்ட எட்டுப் பாட்டைத் தனியா வெளியிடலாம்னு இருக்காருங்க. மேடையில சுருதி ரெண்டரைக் கட்டை. இப்பச் சரணத்துல மேல போனாத் தொண்டை கம்முது. பக்கத்துல தறி ஓடுது. வீட்லயே பதிவு பண்ண முடியுங்களா? பாட்டு உரிமையை மொத்தமா எழுதிக் கொடுத்தா ஒரு தொகை தர்றோம்னு ஒரு கம்பெனியும் கேக்குதுங்க.

சுருதிப்பெட்டி:
முதல்ல சுருதி. ஒன்றரைக்கு எறக்குங்க. எட்டுலயே ரொம்ப மேல போற வரியை நிறுத்தாம மூணு தடவை பாடச் சொல்லுங்க. மூணாவதுல கம்முனா இன்னும் அரைக்கட்டை எறக்கோணும். ரெண்டரைல பாடிட்டுக் கம்ப்யூட்டர்ல எறக்கிக்கலாம்னு நினைக்காதீங்க. இறுகுன தொண்டை இறுகுன மாதிரியேதான் கேக்கும்.

தறிக்காரன்:
தறிச் சத்தத்துக்குள்ள கண்டென்சர் மைக் ஆகாதுங்க, தெருவையே இழுத்துப் போடும். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்கை வாய்க்கு நாலு விரக்கடை தள்ளி வைங்க. அவ்வளவு கிட்ட வெச்சாக் குரல்ல கனத்த கீழ்ச்சத்தம் (பாஸ்) பொங்கும். அதனால 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிருங்க. பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்னு வைங்க. உச்சஸ்தாயிலயும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. பீரோ, மெத்தை இருக்குற அறையாப் பாருங்க. வெறும் தார்சு (கான்கிரீட் கூரை) அறைன்னா எதிரொலிக்கும். மின்விசிறியை நிறுத்துங்க. தறிக்கு லீவு விடுற நாள், விடியக்காலைல எடுங்க. ஆடிக் காத்து அடிக்கிற மாசம்னா ஜன்னலைச் சாத்துனாலும் சத்தம் வரும்.

சோமனூரான்:
உடுக்கையைத் தனியா அடிச்சுச் சேத்துக்கலாமுங்களா?

தறிக்காரன்:
வேண்டாமுங்க. பாடுறவரே அடிக்கிறப்போ தாளம் மூச்சோட போகும். பிரிச்சா ரெண்டும் செத்துரும். காதுல கிளிக் (தாளம் காட்டுற டிக் டிக் சத்தம்) வெச்சுப் பாட வைக்கிறதும் அதே தப்புதான். இன்னொரு மைக்கை உடுக்கைக்கு ஒரு சாண் தள்ளி, தோலுக்கு நேரா இல்லாமச் சாய்ச்சு வைங்க. ரெண்டு மைக்குக்கும் இடைவெளி அந்த ஒரு சாண்ல மூணு பங்காவது வேணும், இல்லீனா குரல் குடத்துக்குள்ள பாடுற மாதிரி ஆயிரும். பாடுற மைக்கோட முதுகு உடுக்கையைப் பாக்கட்டும். மழை ஈரத்துல தோல் தளரும்; லேசா அனல் காட்டிட்டு எடுங்க. குரலும் உடுக்கையும் ஒண்ணா எடுத்தா நடுவுல ஒரு வரியை மட்டும் மாத்த முடியாது, பாட்டையே திரும்பப் பாடோணும்.

பத்திரம்:
மொத்தமா எழுதிக் கொடுத்துராதீங்க. ஒப்பந்தத்துல காலம் போடலீனா 5 வருஷம், இடம் போடலீனா இந்தியா மட்டும்னு பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கும். அதனாலதான் கம்பெனிக்காரங்க 'நிரந்தரம், உலகம் முழுக்க'ன்னு மறக்காமப் போடுவாங்க. அந்த வரியை அடிச்சுட்டு வருஷத்தை எழுதுங்க. 2012 திருத்தப்படி, எழுதுனவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டில கம்பெனியோட சமமா இருக்குற பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் விட்டுக் கொடுக்க முடியாது. இங்க ரெண்டும் ஒரே ஆளு, பங்கைக் கேட்டு வாங்குங்க. பாட்டை ஆன்லைன்ல ஏத்தி விடுற விநியோகஸ்தரை மாத்துனாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒவ்வொரு பதிவுக்கும் தர்ற அடையாள எண்) கொடுங்க. புது எண் போட்டா, கேட்டவங்க கணக்கு மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிக்கும்.