மறு: பெரிய ஏரி, இரண்டாம் தவணை 300 வெள்ளி

தெம்பனிஸ், மேலத்தெருவிலிருந்து:

சொந்தங்களுக்கு வணக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு முந்தாநாள்தான் சிங்கப்பூர் திரும்பினேன். வந்ததும் வராததுமாக, நம் ஊர்ப் பெரிய ஏரி வேலைக்கு இரண்டாம் தவணை 300 வெள்ளி கேட்டு இந்த மடல். கொடுப்பதற்கு முன்னால் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏரி உள்வாயில் அறக்கட்டளைப் பசங்கள் சீமைக்கருவையை வெட்டியிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டு வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டையிலும் ஏழெட்டுக் கொப்பு, கை நீளத்துக்குத் துளிர்த்து நிற்கிறது. இதற்கு வெட்டாமலே விட்டிருக்கலாம். கரையில் 1,000 பனங்கொட்டை ஊன்றியதாகப் புரட்டாசியில் படம் போட்டார்களே, ஏரித் தண்ணீர் வழியும் கலிங்கிலிருந்து பெரிய மடை வரை நடந்து பார்த்தேன். ஒரு குருத்து கண்ணில் படவில்லை.

2018-ல் கஜாவில் என் தோப்பு மொத்தமும் சாய்ந்தபோதுகூட நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. கேட்டபோதெல்லாம் கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன்: முதல் தவணை எங்கே? மீன் குத்தகைக் கதை மாதிரி ஆகிவிடக் கூடாது.

ஈசூன், பொருளாளரிடமிருந்து:

மாமாவுக்கு வணக்கம். ஆள் கூலி, ரம்பம், டீசல் எல்லாவற்றுக்கும் ரசீது என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். மீன் குத்தகை என் காலத்துக்கு முந்தியது, அதை என் தலையில் கட்ட வேண்டாம்.

இந்தத் தடவை பணம் அனுப்பும் முறை மாறுகிறது. நம் சங்கம் சிங்கப்பூரில் பதிவானது. சங்கக் கணக்கிலிருந்து போனால் இந்தியாவில் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்கும் பதிவு பசங்களின் அறக்கட்டளைக்குக் கிடையாது. பதிவுக்கு, அறக்கட்டளை தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும், அதற்குள் 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஏரி தூர்வாருகிற பசங்களுக்கு இதெல்லாம் ஆகிற காரியமா?

அதனால் நீல இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக நேரே அனுப்புங்கள், அது அந்தச் சட்டத்தில் வராது. சிவப்பு சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்காரர்கள், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். தேக்கா கடைத்தெருவில் உண்டியல் ஏந்தலாம் என்ற யோசனையும் வேண்டாம். வெளிநாட்டுக் காரியத்துக்குப் பொதுமக்களிடம் வசூலிக்க அறக்கொடை ஆணையரின் அனுமதி வேண்டும், பொதுவாக 80 விழுக்காட்டை இங்கேயே செலவிடவும் வேண்டும்.

தோ பாயோ, கிராணி வீட்டிலிருந்து:

தம்பி, உன் மடலைப் படித்துவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக்கில் படுத்து வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காசில்தான் நம் கலிங்குக்குக் கல் வந்தது. அப்போது யாரும் பாஸ்போர்ட் நிறம் கேட்கவில்லை. என் மகன் இங்கே தேசிய சேவை முடித்தவன், எங்கள் பாஸ்போர்ட் சிவப்புதான். அதற்காக அந்தக் கரையில் எனக்குப் பாத்தியதை இல்லையா?

அந்தக் கலிங்கில் குதித்துத்தான் நான் பல்லை உடைத்துக்கொண்டேன். லீவுக்குப் போன பத்து வயசு. வழியும் தண்ணீரில் கெண்டை எதிர்த்து ஏறும், வேட்டியை விரித்துப் பிடிப்போம். சட்டம் புரிகிறது. அதை நீ சொன்ன விதம்தான் பிடிக்கவில்லை. போன வருஷம் சங்க விருந்துக்கு 1,000 வெள்ளி வாங்கும்போது நான் எந்த நாட்டுக்காரன்?

உட்லண்ட்ஸ், வடக்குத்தெருவிலிருந்து:

கிராணி வீட்டு அண்ணனுக்கு: நீங்கள் ஊருக்குப் போகும்போது பசங்களுக்குக் கறிசோறு போடுங்கள், அதை எந்தச் சட்டமும் தடுக்காது. தம்பி எழுதியது கடுப்பாகத்தான் இருந்தது. அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே வாய் அப்படி.

மேலத்தெரு மாமாவுக்கு: நேற்று ஊரில் இருக்கும் அத்தையோடு அரை மணி நேரம் பேசினேன். கருவை வெட்டியது மழைக்கு முன்னால். வேரைப் பறிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, உள்வாய்ச் சேற்றில் ஜேசிபி இறங்கினால் அதைத் தூக்க இன்னொரு ஜேசிபி வேண்டும். சித்திரை, வைகாசியில் ஏரி காய்ந்ததும்தான் அடிக்கட்டையோடு தோண்ட முடியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து நம் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும். இப்போது கேட்பது அந்த வண்டி வாடகை. முதல் மடலிலேயே இதை ஒழுங்காக எழுதாதது அந்தப் பசங்கள் தப்புதான்.

பனங்கொட்டை விஷயம். மாமா, பனை முதலில் மேலே வருமா? கொட்டையிலிருந்து முளை கீழே போய்க் கிழங்கு வைக்கும், பிறகுதான் குருத்து தலை காட்டும். தை மாசத்தில் கரைமேல் நின்று குருத்துத் தேடினால் என்ன தெரியும்? கிழங்காவது மண்ணுக்குள் மிச்சம் இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்டேன். மடைப்பக்கம் ஒரு பத்திருபது கொட்டையை யாரோ கிண்டியிருக்கிறார்களாம்.

பொங்கலன்று அத்தை மஞ்சள் போட்டு அவித்து உங்களுக்கு ஒரு தட்டு வைத்தார்களே, நார் உரித்து உரித்துத் தின்றீர்களாம். அது எந்தக் கரையில் பிடுங்கியது என்று அவர்களையே கேளுங்கள்.