எங்கள் கணக்கு சார், எங்கள் கோச்: அவரிடம் பழகியவர்கள் எழுதுங்கள்

சார் போன வாரம் காலமாகிவிட்டார். எண்பதைத் தாண்டிய வயது, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மகள் சொன்னார். அவரிடம் படித்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் நினைவில் இருப்பதை இங்கே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வீட்டாரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நானே தொடங்குகிறேன்.

பள்ளியில் பாதிப் பேருக்கு அவர் கணக்கு சார், மீதிப் பேருக்கு கோச் சார். இரண்டு பக்கமும் அவரிடம் கற்றவன் நான். ஒன்பதாம் வகுப்பில் வட்டம் பாடம் எனக்கு ஏறவே இல்லை. ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கு வரச்சொல்லி, கையில் ஒரு கயிற்றையும் முளைக்குச்சியையும் கொடுத்தார். விளையாட்டு விழாவுக்குக் கோடு போடும் வேலை. ஒவ்வொரு ஓட்டப் பாதைக்கும் 1.22 மீட்டர் அகலம். வெளிப் பாதையில் ஓடுகிறவன் கொஞ்சம் முன்னால் நின்று தொடங்க வேண்டும், இல்லையென்றால் அவன் அதிக தூரம் ஓடவேண்டியிருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு முன்னால் என்பதுதான் கேள்வி.

எங்கள் மைதானம் 200 மீட்டர் சுற்று. "சார், 400 மீட்டர் மைதானம்னா இந்த இடைவெளி ரெண்டு மடங்கா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. முளையை அடித்து, 3 மீட்டர் கயிற்றில் ஒரு வட்டம், அதற்கு வெளியே 1.22 தள்ளி இன்னொரு வட்டம் போடச் சொன்னார். இரண்டின் சுற்றளவையும் டேப்பை மண்ணில் வளைத்து வைத்து அளந்தோம். பிறகு 10 மீட்டர் கயிறு, அதற்கு வெளியே மறுபடி 1.22. வித்தியாசம் இரண்டு தடவையும் ஏறக்குறைய 7.67 மீட்டர். நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப அளந்தேன். அதே எண்.

அப்போதுதான் மண்ணிலேயே குச்சியால் எழுதிக் காட்டினார். பெரிய வட்டத்தின் சுற்றளவிலிருந்து சின்னதைக் கழித்தால் ஆரம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது இரண்டு, பை, 1.22 மட்டும். மைதானம் சின்னதோ பெரியதோ, ஒரு முழுச் சுற்றுக்கு அந்த இடைவெளி மாறுவதே இல்லை. முட்டி வரை சுண்ணாம்போடு நின்றுகொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கணக்கைக் கண்டு நான் பயந்ததில்லை.

ரிலே கதையும் எழுத வேண்டும். பள்ளிகளுக்கு இடையிலான 4×100 இறுதிப் போட்டி, நான் மூன்றாவது ஓட்டக்காரன். இரண்டாவதாக ஓட வேண்டியவனுக்கு அன்று காய்ச்சல். மாற்றாக வந்தவன் எங்களுக்கு ஒரு வகுப்பு இளையவன். அவன் மெதுவாகத்தான் வருவான் என்று சார் கணக்குப் போட்டு, என் அடையாளக் கோட்டை 25 பாதத்திலிருந்து 21 பாதமாகக் குறைத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாம் நிற்கும் இடத்திலிருந்து பின்னால் பாதம் பாதமாக அளந்து ஒரு கோடு போடுவோம். வருகிறவன் அந்தக் கோட்டை மிதித்த நொடியில் நாம் புறப்பட வேண்டும். அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது, கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும்.

அன்று அவன் பறந்து வந்தான். நான் வேகம் எடுப்பதற்குள் என்னைப் பிடித்துவிட்டான். பேட்டன் என் கைக்கு வந்தது, ஆனால் வாங்க வேண்டிய பகுதி தொடங்குவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. நாங்கள்தான் முதலில் முடித்தோம். நடுவரின் கொடி உயர்ந்திருந்தது. நீக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் சார் மேடையேறினார். "பசங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நாலு பாதத்தைக் குறைச்சது நான். அந்தத் தம்பி இவ்வளவு வேகமா வருவான்னு நான் நம்பல. அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன்." இவ்வளவுதான் பேசினார், இறங்கிவிட்டார். ஒரு ஆசிரியர் மாணவனிடம், அதுவும் மைக்கில், மன்னிப்பு கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

*

அண்ணா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் ஓடியவள் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆஸ்துமா. விளையாட்டுப் பீரியட் என்றால் மரத்தடியில் உட்காரும் பெண்களில் ஒருத்தி. சார் ஒருநாள் நேராக வந்து என் கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்தார். "நீ ஓட வேண்டாம்மா. ஓடுறவங்க உன்னை நம்பித்தான் ஓடணும்."

முதல் பாடம், காதை நம்பாதே. 100 மீட்டர் தள்ளித் துப்பாக்கி வெடித்தால் சத்தம் நம்மிடம் வர ஏறக்குறைய 0.3 நொடி ஆகிவிடும். புகை தெரிந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். எங்களிடம் துப்பாக்கி கிடையாது, இரண்டு பலகைகளைத் தட்டுவார்கள். அந்தப் பலகைகள் சேரும் கணத்தைக் கண் இமைக்காமல் பார்க்கப் பழக்கினார். முடிவுக் கோட்டில் தலையையோ கையையோ பார்க்கக் கூடாது, மார்பு கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். மூன்று பேர் மூன்று வாட்ச் பிடித்தால், மூன்றும் வேறு வேறாக இருந்தால், நடு எண்ணைத்தான் எடுப்பார்கள்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடியில் வந்து நான்காவதானார், வெண்கலம் 55.41-க்குப் போனது. அதைச் சொல்லிவிட்டு, "கை வாட்ச்ல இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால நம்மால முடிஞ்ச வரைக்கும் ஒழுங்கா பாக்கணும், ஒருத்தரோட வருஷக்கணக்கான உழைப்பும்மா" என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் போட்டியிலும் நான் கோட்டருகில் நின்றேன். பெற்றோர் வரும் நாளில் என்னை "எங்க டைம்கீப்பர்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். நோயாளிப் பெண் என்ற பெயர் போய் அந்தப் பெயர் வந்ததற்கு அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

*

அவரோடு ஆறு வருடம் வேலை பார்த்தேன். சுருக்கமாக ஒன்று. தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைப் பாட ஆசிரியர்கள் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம், நானும் வாங்கியிருக்கிறேன். கணக்கு ஆசிரியர் என்பதால் அவர் கேட்டால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டபோது, "அந்த நாற்பது நிமிஷம் அவங்களோடது சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை.

*

அந்த இரண்டாவது ஓட்டக்காரன் நான்தான். இந்தப் பதிவை நேற்றிரவு ஒரு நண்பர் அனுப்பினார்.

அண்ணனுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கூட்டத்தில் மன்னிப்பு கேட்டதோடு சார் விடவில்லை. அன்று சாயங்காலம் என்னைத் தனியாக மைதானத்துக்குக் கூப்பிட்டார். அடையாளக் கோட்டை மறுபடி 25 பாதத்தில் போட்டு, அவரே அண்ணன் நின்ற இடத்தில் நின்றார். ஐம்பது வயதுக்காரர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. "வா, முழு வேகத்துல வா" என்றார். நான் கோட்டை மிதித்ததும் ஓடினார், கையை நீட்டினார். அவர் உள்ளங்கையில் பேட்டனை வைத்தேன். சரியான இடத்தில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் காலத்தில் பேட்டன் மாற்றும் பகுதி 20 மீட்டர். அதற்கு முன்னால் 10 மீட்டர் வேகம் எடுக்க மட்டும், அங்கே பேட்டன் கை மாறினால் தப்பு. நாங்கள் மாற்றியது அந்த 10 மீட்டருக்குள்தான். 2018-ல் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போன். சார் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் விதிப்புத்தகம் புதிதாக வந்தால் வாங்கிப் படித்துவிடுவார். "டேய், விதியை மாத்திட்டாங்கடா. ரெண்டையும் சேர்த்து 30 மீட்டராக்கிட்டாங்க. உங்க பேட்டன் இப்போ உள்ளதான் மாறியிருக்கு!" குழந்தை மாதிரிச் சிரித்தார். அந்தப் பத்தியை வரி வரியாகப் படித்தும் காட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "இப்போ உங்க ரெண்டு பேரையும் ஓட விட்டா, எத்தனை பாதம் வைக்கலாம், சொல்லு."

"இருபத்தஞ்சே இருக்கட்டும் சார்" என்றேன்.

"ஆமா" என்றார். "இருபத்தஞ்சுதான்."