‘போல் எ விர்ஜினி’யை ஒலிநூலாகக் கேட்க: எந்தப் பதிவு, எங்கே நிறுத்துவது?

க்யூர்ப்பீப்_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். நம் மொரீஷியஸ் தீவில் நடக்கும் பழைய பிரெஞ்சு நாவலான, பெர்னார்தென் த சேன்-பியேரின் ‘போல் எ விர்ஜினி’யைப் பிரெஞ்சிலேயே முழுதாகக் கேட்டு முடிக்க வேண்டும் என்று ஆசை. நேரம் கிடைப்பது மெட்ரோவில் மட்டும்தான். க்யூர்ப்பீப்பிலிருந்து போர்ட் லூயிக்கு ஒரு நடை முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகள் நிறைய இருக்கின்றன, ஆனால் ஒரு பதிவு இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, இன்னொன்று ஐந்து மணி நேரம் ஓடுகிறது. எதை எடுப்பது? இன்னொரு கஷ்டம், நூலில் அத்தியாயமே கிடையாது. கண்ட இடத்தில் நிறுத்தினால் மறுநாள் யார் பேசுகிறார் என்றே பிடிபடுவதில்லை. தீவின் பேச்சுமொழியான கிரியோலும் செய்தி பிரெஞ்சும் காதுக்குப் பழக்கம். பழைய எழுத்து நடை அவ்வளவாகப் பழக்கமில்லை.

பழைய_ஏடு:

அக்கா, முழு நூலை நிதானமாக வாசித்தால் நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் வரும். இரண்டு மணிக்குள் முடிந்தால் அது சிறுவர் சுருக்கம், விட்டுவிடுங்கள். ஐந்து மணியைத் தாண்டி வெகுதூரம் போனால் முன்னுரையும் சேர்ந்திருக்கும். 1806 பதிப்புக்கு ஆசிரியர் எழுதிய முன்னுரை மிக நீளம். முதல் தடவை கேட்பவர் அதிலேயே சோர்ந்துபோவார். அதைத் தாண்டிவிடுங்கள். போர்ட் லூயிக்குப் பின்னால் எழும் மலை, அதன் கிழக்குப் பக்கம், இடிந்து கிடக்கும் இரண்டு குடிசைகள் என்று வந்தால் அங்கேதான் கதை ஆரம்பம்.

முழுப் பதிவுதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கதாநாயகி விர்ஜினியின் அடக்கம் வரும் இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். மடகாஸ்கர் பெண்களும் மொசாம்பிக்கிலிருந்து வந்தவர்களும் பழக்கூடைகளை அவளைச் சுற்றி வைத்து, பக்கத்து மரங்களில் துணிகளைத் தொங்கவிடுவார்கள். வங்காளத்துப் பெண்களும் மலபார் கரைப் பெண்களும் பறவைக் கூண்டுகளைக் கொண்டுவந்து, அவள் உடலின் மேல் பறவைகளைத் திறந்துவிடுவார்கள். சுருக்கங்களில் இது பெரும்பாலும் இருக்காது. நம் ஆட்கள் கரும்புக்காகத்தான் இந்தத் தீவுக்கு முதலில் வந்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்த வரியைக் கட்டாயம் கேட்க வேண்டும். நூல் அச்சானது 1788-இல். கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியது 1834-இல்.

லிப்ரிவாக்ஸ், லிட்டெராத்யூர் ஓடியோ என்ற ஒலிநூல் தளங்களில் தேடுங்கள். இரண்டும் இலவசம். பலர் பங்கு போட்டு வாசித்த பதிவைவிட ஒரே குரல் வாசித்ததே இந்த நூலுக்கு நல்லது. கதை முழுவதையும் ஒரு கிழவர்தான் சொல்கிறார். நடுவில் குரல் மாறினால் அந்தக் கிழவர் காணாமல் போய்விடுவார்.

செவிவழி:

அத்தியாயம் இல்லாத நூலுக்கு நிறுத்தும் இடங்களை நாமே குறித்துக்கொள்ள வேண்டும். பதிவில் கோப்புகள் பிரிந்திருக்கும் இடத்தை நம்பாதீர்கள் அக்கா. வாசித்தவரின் வசதிக்காக வெட்டியது அது, பேச்சின் நடுவிலேயே முடியும்.

முதல் சில நிமிடம் கவனம் தேவை. ஆரம்பத்தில் ‘நான்’ என்று பேசுவது தீவைச் சுற்றிப் பார்க்கும் ஒரு பயணி. கிழவர் வந்து உட்கார்ந்த பிறகு ‘நான்’ என்பது அவர். அச்சில் மேற்கோள் குறி காட்டிக்கொடுக்கும். காதுக்கு ஒன்றும் இல்லை. ‘1726-இல் நார்மண்டியைச் சேர்ந்த ஓர் இளைஞன்’ என்று வந்ததும் ஆள் மாறிவிட்டார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம், போல், விர்ஜினி என்ற குழந்தைகள் இருவரும் வளர்ந்து, ஓடிவந்த அடிமைப் பெண் குடிசை வாசலில் வந்து நிற்பதற்கு முன். அடுத்த பகுதியை ஒரே மூச்சில் கேளுங்கள்: அவளை மன்னிக்கச் சொல்லி ரிவியேர் நுவார் என்ற இடத்துக்கு, அவளுடைய முதலாளியிடமே இருவரும் கூட்டிப்போகிறார்கள், திரும்பும்போது காட்டில் வழி தப்புகிறது, ஃபிதேல் என்ற நாய் வந்து கண்டுபிடிக்கிறது. இதில் அவர்கள் வீட்டு அடிமை தோமேங் சொல்லும் சேதியைத் தவறவிடாதீர்கள். மன்னிப்பதாகச் சொன்ன அந்த முதலாளி அவளைக் காலில் சங்கிலி போட்டு மரக்கட்டையில் பிணைத்து, கழுத்தில் மூன்று கொக்கி வைத்த இரும்பு வளையம் மாட்டியிருக்கிறான். இனிமையாக வாசிப்பவர்கள் இதை வழவழவென்று கடந்துவிடுகிறார்கள். பின்னால் ஓட்டி மறுபடி கேளுங்கள். பிள்ளைகளின் நல்ல மனது அந்தப் பெண்ணைக் காப்பாற்றவில்லை என்பது தெரியாமல் மேலே போனால் நூலில் பாதி போய்விடும்.

பிறகு தோட்டம். மரம், செடி, ஓடை, பாறை என்று நீளும். கதை நகராது. காலையில் மனம் தெளிவாக இருக்கும்போது கேட்கலாம், மாலை வண்டியில் வேண்டாம், தூக்கம் வரும். அதற்கடுத்து ஆளுநர் லா பூர்தொனே பணப்பையோடு வருவதிலிருந்து விர்ஜினி பிரான்சுக்குக் கப்பலேறுவது வரை ஒரு நடைக்குச் சரியாக இருக்கும். அவள் கடிதமும் அதோடு அனுப்பும் பூ விதைகளும் தனி.

கடிதத்துக்குப் பின்னால் ஒரு கண்டம் இருக்கிறது. போல் என்ற அந்தப் பையனும் கிழவரும் பேசும் நீண்ட உரையாடல், நாடகம்போல் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் பெயர் போட்டு அச்சிட்டிருக்கும். சிலர் அந்தப் பெயர்களையும் வாசிப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டு, குரலையும் மாற்றாவிட்டால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. பதிவைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த இடத்தில் இரண்டு நிமிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே தெளிவாக இருந்தால் மற்ற இடத்திலும் தெளிவாகத்தான் இருக்கும்.

விர்ஜினி திரும்பிவரும் சேன்-ஜெரான் கப்பல் உடையும் பகுதியை மெட்ரோவில் கேட்காதீர்கள். தூரத்துப் பீரங்கிச் சத்தம், கரையில் மோதும் அலை, ஆட்கள் கூவுவது என்று எல்லாம் ஒலியாகவே எழுதியிருக்கிறார். வண்டி இரைச்சலில் வீணாகிவிடும். வீட்டில் கேளுங்கள். கதையில் அது 1744 டிசம்பர் 24 அன்று தொடங்குகிறது. உண்மையில் அந்தக் கப்பல் உடைந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். டிசம்பருக்குத் தள்ளினால்தான் நம் புயல் பருவத்தோடு பொருந்தும்.

பம்ப்லமூஸ்_தம்பி:

போனில் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன் அக்கா.

64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். ஒரு மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி, முழு நூலும் 150 எம்பிக்குள் அடங்கும். 128 எடுத்தால் இரண்டு மடங்கு. ஒற்றைக் குரல் வாசிப்புக்கு அது தேவையில்லை. வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வழியில் நெட் போனாலும் கவலையில்லை.

பாட்டுக் கேட்கும் ஆப்பில் போட்டால் விட்ட இடம் நினைவில் நிற்காது. ஒலிநூலுக்கென்றே உள்ள ஆப் ஏதாவது ஒன்றில் போடுங்கள், புக்மார்க்கும் வைக்கலாம். கோப்புப் பெயர்கள் 1, 2, 3 என்று இருந்தால் சில ஆப்கள் 1, 10, 11, 2 என்று அடுக்கிவிடும். 01, 02 என்று மாற்றிவிடுங்கள்.

செட்டிங்கில் மௌனத்தைத் தாண்டும் வசதி இருந்தால் கட்டாயம் அணைக்க வேண்டும். அத்தியாயமே இல்லாத நூலில், பத்தி மாறுகிறது என்று காதுக்குச் சொல்வது அந்தச் சிறு இடைவெளி மட்டும்தான். ஆப் அதைத் தின்றுவிட்டால் தோட்டமும் கப்பலும் ஒரே கயிறாக ஓடும். வேகத்தை 0.9-இல் வைத்து ஆரம்பியுங்கள். 0.8-க்குக் கீழே போனால் குரல் இழுபடும், வார்த்தை இன்னும் மங்கும்.

நடை புரியாததற்குப் பெரிய காரணம் பாசே சேம்ப்ல் வினைகள், அதாவது எழுத்துப் பிரெஞ்சின் இறந்தகால வடிவங்கள். கிரியோலில் அவை இல்லை, பேச்சுப் பிரெஞ்சிலும் யாரும் சொல்வதில்லை. ‘ஃப்யூ’, ‘ஃபி’, ‘வி’ என்று ஓரசையில் பறந்துவிடும். முதல் அரை மணியை மட்டும் மூலத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேளுங்கள். குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் இலவசமாக இருக்கிறது. காது பழகிவிடும்.

க்யூர்ப்பீப்_வாசகி:

மூன்று பேருக்கும் நன்றி. காரில் பென் டிரைவில் போட்டால் ஓடுமா? எம்4பி என்ற ஒலிநூல் வகைக் கோப்பு ஒன்றும் கிடைத்தது.

பம்ப்லமூஸ்_தம்பி:

பெரும்பாலான கார் செட்டுகள் எம்4பியைக் கண்டுகொள்ளாது. பெயரின் கடைசியில் எம்4ஏ என்று மாற்றினால் சிலவற்றில் ஓடும், ஆனால் விட்ட இடம் நிற்காது. எம்பி3 கோப்புகளையே போடுங்கள். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, ஒரே ஃபோல்டரில், வரிசை தவறாமல் ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். பழைய செட்டுகள் பெயரைப் பார்க்காமல், காப்பியான வரிசையிலேயே பாடும்.