ப்ளோ-அவுட் முறிவுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மடல் 1

வணக்கம். மருத்துவக் குறியீட்டாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது, கண்குழி முறிவு அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். நோய்க்கும் காயத்துக்கும் எண் கொடுக்கும் அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் தொகுதியில் குழியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எண்: தளம் எஸ்02.3, கூரை எஸ்02.12, மூக்குப் பக்கச் சுவர் எஸ்02.83, காதுப் பக்கச் சுவர் எஸ்02.84. மருத்துவர் வெறுமனே 'கண்குழி முறிவு' என்று எழுதி விட்டுவிட்டால் எஸ்02.85-தான். சுவரையும் கூரையையும் சமாளித்துவிட்டேன். கண்ணில் அடிபட்டுக் குழியின் மெல்லிய எலும்பு உடைகிற ப்ளோ-அவுட்டுக்கு மட்டும் சொல் அமையவில்லை. பழைய வரைவில் 'வெடிப்பு முறிவு' என்று இருக்கிறது. அதைப் படித்த மாணவி, "எது சார் வெடித்தது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மடல் 2

அன்பரே, ப்ளோ-அவுட் இருக்கட்டும், முதலில் தலைச்சொல்லைத் திருத்துங்கள். கண்ணினது குழி, வேற்றுமைப் புணர்ச்சி. வல்லினம் வந்தால் ணகரம் டகரமாகும் என்பது பள்ளியில் படித்த விதி. கட்புலன், கட்செவி போலக் கட்குழி என்றே வரவேண்டும். அடித்தளமே பிழையாக இருக்கும்போது தளத்தின் முறிவைப் பற்றி என்ன பேசுவது?

மடல் 3

ஐயா, கட்செவி என்றால் இன்றைக்கு வாட்ஸ்அப் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள் :) கண்பார்வையை நீங்களும் கட்பார்வை என்று எழுதுவதில்லையே. மண்பாண்டமும் மட்பாண்டமும் சேர்ந்தே புழங்கவில்லையா? கண்குழி இருந்துவிட்டுப் போகட்டும்.

'பிதுங்கு முறிவு' எப்படி? உள்ளே இருப்பது கீழே பிதுங்குகிறது என்று எங்கோ படித்த நினைவு.

மடல் 4

மருத்துவராக ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கேயோ போய்விடும்.

வெடிப்பு எதுவும் இல்லை. பந்தோ முட்டியோ கண்மேல் மோதுகிறது. குழிக்குள் அழுத்தம் ஏறியோ, விளிம்பில் விழுந்த அடி எலும்பு வழியாகப் பரவியோ, மெல்லிய தளம் உடைகிறது. விளிம்பு பெரும்பாலும் முழுசாகவே இருக்கும், அதுதான் இதில் வேடிக்கை. கொழுப்பும் சில சமயம் தசையும் கீழே இருக்கும் கன்னக் காற்றறைக்குள் இறங்கிவிடும். ஸ்மித்தும் ரீகனும் 1957-இல் இந்தப் பெயரில் கட்டுரை எழுதியதிலிருந்து ஆங்கிலத்தில் இது நிலைத்துவிட்டது.

பிதுங்கு வேண்டவே வேண்டாம். தமிழில் 'கண் பிதுங்கியது' என்றால் விழி வெளியே தள்ளியது என்று பொருள். இங்கே வீக்கம் வடிந்தபின் விழி உள்ளே அமிழ்ந்து தெரியும், நேர் எதிர். 'ஊது முறிவு' என்று யாரும் கிளம்புவதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்த நோயாளிகளிடம் மூக்கைச் சிந்தாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறோம், சிந்தினால் காற்று கண்குழிக்குள் ஏறி இமை உப்பிவிடும். ஊது என்ற பெயரை வைத்துவிட்டு ஊதாதே என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மடல் 5

மருத்துவர் அம்மா சொல்வதைப் பார்த்தால் தளத்தில் ஓட்டை விழுகிறது, அவ்வளவுதானே? மழை கொட்டினால் வானம் பொத்துக்கொண்டது என்கிறோம். அழுத்தம் தாங்காமல் மெல்லிய இடத்தில் திறந்துகொள்வதற்கு அதைவிட நல்ல வினை ஏது? 'பொத்தல் முறிவு'.

மடல் 6

பொத்து! அருமையான சொல். பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனைப் பாடும்போது 'பொத்தில் நண்பின் பொத்தி' என்பார், குறையில்லாத நட்பு. பொத்து என்றால் துளை, அதிலிருந்து குறை. மரப்பொந்தும் இதற்கு உறவுதான். ஆனால் 'பொத்து' என்பதற்கு மூடு என்றும் பொருள் உண்டு, வாயைப் பொத்து என்கிறோமே. திறப்பும் மூடலும் ஒரே சொல்லில் எப்படி வந்தன என்பது தனி ஆராய்ச்சி, விரிவாக நாளை எழுதுகிறேன்.

'தளம்' வடசொல் என்பதை இங்கே யாரும் கவனிக்கவில்லை.

மடல் 7

தரை என்று மாற்றினால் அதுவும் தரா-விலிருந்து வந்தது என்று சிலர் வருவார்கள் ஐயா. விடுங்கள்.

பொத்தல் பற்றி: திறந்து மூடும் கதை குழந்தைகளிடம் நிஜமாகவே நடக்கிறது. எலும்பு இளசு, வளைந்து கதவு மாதிரித் திறந்து, தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். பார்த்தால் கண் வெள்ளையாக, அடிபட்ட மாதிரியே இருக்காது, மேலே பார்க்கச் சொன்னால் மட்டும் விழி நின்றுவிடும். என் குறை வேறு. மூக்குப் பக்கச் சுவரிலும் ப்ளோ-அவுட் வரும். தொகுதியின் அகரவரிசையில் ப்ளோ-அவுட் என்ற சொல் தளத்தோடு மட்டும் நிற்பதால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்02.3 போட்டுவிடுகிறார்கள். ஆகவே இடத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: தளப் பொத்தல் முறிவு, சுவர்ப் பொத்தல் முறிவு.

மடல் 8

நன்றி. இன்னொன்று: எண்ணின் கடைசியில் வருகையின் வகையைக் காட்டும் ஏழாம் எழுத்து ஏ, ஆங்கிலத்தில் 'இனிஷியல் என்கவுன்டர்'. 'முதல் வருகை' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

மடல் 9

சரியில்லை! குறியீட்டாளனாகச் சொல்கிறேன், என் புதுப்பிள்ளைகள் விழுகிற குழியே இதுதான். ஏ என்பது முதல் தடவை வந்ததைச் சொல்லவில்லை. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வரை எத்தனை மருத்துவர் பார்த்தாலும் ஏ-தான், புது மருத்துவர் வந்து அறுவை செய்தாலும் ஏ. சிகிச்சை முடிந்து ஆறுவதைப் பார்க்க வந்தால் டி. 'முதல் வருகை' என்று அச்சிட்டால் இரண்டாம் நாளே டி போடுவார்கள், காப்பீட்டு விண்ணப்பம் திரும்பி வரும். 'நடப்புச் சிகிச்சை' என்று எழுதுங்கள், சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை. மூடிய முறிவா (தோல் கிழியாதது) திறந்ததா (கிழிந்தது) என்று குறிப்பில் இல்லையென்றால் மூடியது என்றே எடுக்க வேண்டும் என்பதையும் கட்டம் கட்டிப் போடுங்கள்.

மடல் 10

எல்லோருக்கும் நன்றி. அச்சுக்கு அனுப்பிவிட்டேன். 'கண்குழித் தளப் பொத்தல் முறிவு', முதல் தடவை வருமிடத்தில் மட்டும் பக்கத்தில் ப்ளோ-அவுட் என்று தமிழ் எழுத்தில். ஏ-க்கு 'நடப்புச் சிகிச்சை'. நான்கு பேர் சரி என்றீர்கள், ஒருவர் பதில் போடவில்லை, அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

மடல் 11

பதில் போடாதது நான்தான். சம்மதம் என்று பொருளல்ல, பொத்து பற்றிய கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன், இணைத்திருக்கிறேன். இரண்டாம் பதிப்பிலாவது கட்குழி.