தங்கனிக்கா ஏரியில் கண்ட பாம்பு: நீர்நாகமா, ஸ்மித் நீர்ப்பாம்பா?

கேள்வி
வணக்கம். தான்சானியாவின் கிகோமா அருகே, தங்கனிக்கா ஏரியில் மீன்வலையில் சிக்கி இறந்த பாம்பொன்றை ஒளிப்படம் பிடித்தேன். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். மங்கிய பழுப்பு நிறம். கழுத்தில் மட்டும் மூன்று கரும்பட்டைகள். கிரேயா பேரினத்தைச் சேர்ந்த ஸ்மித் நீர்ப்பாம்பு என்று எண்ணினேன். உடன் வந்தவர் நீர்நாகம் என்கிறார். நீர்நாகத்தைப் பழைய நூல் புலஞ்சரினா என்னும் தனிப் பேரினத்திலும், புதிய பட்டியல் நாகப்பாம்புகளின் பேரினமான நாஜாவிலும் வைப்பதால் மேலும் குழம்புகிறேன்.

மறுமொழி 1
நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஸ்மித் நீர்ப்பாம்பின் குட்டிகளுக்கும் குறுக்குப்பட்டைகள் உண்டு. வளர வளர அவை மங்கும். தலையைப் பக்கவாட்டில் பாருங்கள். மூக்குச் செதிலுக்கும் கண்ணின் முன்செதிலுக்கும் இடையே ‘லோரியல்’ என்னும் சிறு செதில் இருந்தால் அது கிரேயா. நாகக் குடும்பத்தில் அச்செதில் கிடையாது. அடுத்ததாக, நடு உடலைச் சுற்றிச் செதில் வரிசைகளை எண்ணுங்கள்: ஸ்மித் நீர்ப்பாம்புக்கு 17, நீர்நாகத்துக்குப் பொதுவாக 21 அல்லது அதற்கு மேல். கிரேயாவுக்கு வால் நீளமானதுதான் என்றாலும், அது பெரும்பாலும் உடைந்திருப்பதால் அந்த அடையாளத்தை நான் நம்புவதில்லை.

மறுமொழி 2
பெயரைப் பற்றி: 1886இல் தோலோ என்ற அறிவியலாளர் இந்த ஏரியின் நீர்நாகத்தை விவரித்தபோது, புலஞ்சர் என்ற விலங்கியலாளரின் நினைவாகப் புலஞ்சரினா என்னும் பேரினத்தை அமைத்தார். நீர்நாகங்களைத் தனியே பிரித்து வைத்தால் எஞ்சிய ஆப்பிரிக்க நாகங்கள் ஒரே மூதாதையின் முழுமையான வழித்தோன்றல்களாக அமையாது என்று மரபணு ஆய்வுகள் காட்டியமையால், 2009இல் அது நாஜாவின் துணைப்பேரினமாகச் சேர்க்கப்பட்டது. கிரேயாவோ நாகக் குடும்பத்திலிருந்து வேறான கொலுப்ரிட் கிளையைச் சேர்ந்தது; நீர்வாழ்க்கையும் மீனுணவும் ஒத்திருந்தாலும் இரண்டும் நெருங்கிய உறவல்ல.

கேட்டவர்
பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்குச் செதில் கண்முன் செதிலை நேரடியாகத் தொடுகிறது. இடையில் எதுவும் இல்லை.

மறுமொழி 1
அப்படியானால் அது நீர்நாகமே. கழுத்தில் மட்டும் பட்டைகள் இருப்பதால், தங்கனிக்காவுக்கே உரிய ‘ஸ்டார்ம்சி’ துணையினம். காங்கோ வடிநில ஆறுகளில் வாழும் ‘அன்னுலாட்டா’ துணையினத்துக்கு உடல் முழுதும் பட்டைகள் இருக்கும். பதிவில் ‘நாஜா அன்னுலாட்டா ஸ்டார்ம்சி’ என்று எழுதி, இடத்தையும் நாளையும் சேருங்கள். இதன் நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. இறந்த சற்று நேரத்துக்குப் பின்னும் பாம்பின் வாய் அனிச்சையாகக் கடிக்கக்கூடும் என்பதால், வலையிலிருந்து எடுப்பவர்கள் தலையைக் கையால் தொட வேண்டாம் என்று அந்த மீனவர்களிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.